மேற்படி கான்கிரீட் உபயோகமற்றது அல்ல

அனுப்புநர்:
சி. தனபால்,
ஓய்வுபெற்ற ஸ்டோர்ஸ் மேற்பார்வையாளர்,
மனை எண் 14, இரண்டாவது குறுக்குத் தெரு,
அண்ணமார் நகர், புங்கம்பதி,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்,
புங்கம்பதி.

பொருள்: அண்ணமார் நகர் பூங்கா ஒதுக்கீட்டு இடத்தில் உள்ள உடைந்த கான்கிரீட் துண்டுகளை அகற்றக் கோரி நான் அளித்த புகாரின் மீது நடவடிக்கை எடுக்கப்படுவதை எதிர்த்து, நானே அளிக்கும் புகார் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் 09.10.2023.
2. தங்கள் அலுவலக அறிவிப்பு, நாள் 05.11.2025.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்கு வேலை அதிகம் என்பதை அறிவேன். இருந்தும் இம்மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருமுறை படித்துவிட்டு, அதன் பிறகே கோப்பில் சேர்க்குமாறு வேண்டிக்கொண்டு, கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான பார்வைக்கு வைக்கிறேன்.

1. நான் மனு எழுதிப் பழகியவன். அண்ணமார் நகரில் எரியாத தெருவிளக்கு, மூடியில்லாத சாக்கடை, நேரம் தவறி வரும் குடிநீர் என எல்லாவற்றுக்கும் என் கையெழுத்தில் ஒரு மனு தங்கள் அலுவலகத்தில் இருக்கும். தங்களுக்கு முன்பிருந்த அலுவலர்கள் என்னைக் கண்டதும் நாற்காலி போடச் சொல்வார்கள். அது மரியாதையாலா அலுப்பாலா என்று நான் ஆராய்ந்ததில்லை. கொடுத்த மனுவை நான் இதுவரை திரும்பப் பெற்றது கிடையாது. என் மனுவின் மீது நடவடிக்கை எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டு வருவது இதுவே முதல் முறை.

2. பீளமேட்டில் ஒரு நூற்பாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தச் சாமான் இன்னும் ஆகும், எது இனி ஆகாது என்று பிரிப்பதுதான் என் வேலை. ஆகாததன் மேல் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு, 'உபயோகமற்றது' என்று எழுதி, பழைய இரும்புக்காரர் எடுத்துப் போவதற்காக வெளியே தள்ளிவிடுவேன். நான் போட்ட குறியை மேனேஜர்கூட அழிக்கமாட்டார். வேலையிலிருந்து வந்துவிட்டாலும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. வீட்டிலும் கைப்பிடி ஆடும் வாணலி, சூடு ஒழுங்காக ஏறாத இஸ்திரிப் பெட்டி என்று குறி போட்டுக்கொண்டே இருப்பேன். அவற்றில் பலவற்றை என் மனைவி எனக்குத் தெரியாமல் மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டதைப் பிற்பாடுதான் அறிந்தேன்.

3. 2023-ஆம் ஆண்டு குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக எங்கள் தெருவின் கான்கிரீட் சாலை உடைக்கப்பட்டது. புதுச் சாலை வந்தது. பழைய சாலை போகவில்லை. உடைத்த துண்டுகள் அத்தனையும் தெருக்கோடியில், பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டுப் பூங்கா வராமலே கிடந்த சரிவான இடத்தில் கொட்டப்பட்டன. அந்தச் சரிவு கீழே மழைநீர்ப் பள்ளம் வரை இறங்குகிறது. பாம்பு அடையும், பிள்ளைகளின் கால் கிழியும் என்று அப்போது நான் அஞ்சியது நியாயமே. அதை இன்றும் மறுக்கமாட்டேன். ஆகவே புல எண், நான்கு எல்லைகள், புகைப்படங்கள் சகிதம் பார்வை 1-இல் கண்ட மனுவை எழுதினேன். அதிலிருந்து ஒரு வாக்கியத்தை அப்படியே தருகிறேன்: "மேற்படி கான்கிரீட் துண்டுகள் எவருக்கும் எவ்வித உபயோகமும் அற்றவை, எக்காலத்திலும் உபயோகப்படப் போகிறவையும் அல்ல." எழுதிய அன்று அந்த வாக்கியத்தை இரண்டு முறை படித்துப் பார்த்துத் திருப்திப்பட்டேன்.

4. அம்மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வந்தது. வேறொன்றும் வரவில்லை. மனு உறங்கிவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன். இந்நிலையில் என் மனைவி திருமதி பழனியாத்தாள் (இம்மனுவில் இனி 'மேற்படியார்') அந்தக் குவியலிடம் போக ஆரம்பித்தார். அதற்கான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மேற்படியார் காங்கேயம் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் வீட்டைச் சுற்றிக் கிடந்த கொஞ்சம் மண்ணில் ஒரு முருங்கையும் நாலு பாத்தி கீரையும் வைத்திருந்தார். சேறு வீட்டுக்குள் வருகிறது என்று சொல்லி, சுற்றுச்சுவர் வரை ஒரு விரற்கடை மண் விடாமல் டைல்ஸ் பதித்தவன் நான். அன்று அவர், நான் வெட்டிய முருங்கையில் ஒரு கிளையை மட்டும் ஈரச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டார். அந்தக் கிளையை ஊன்ற அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. தாங்கள் அகற்ற உத்தரவிட்டிருக்கும் தோட்டம் அப்படித்தான் ஆரம்பித்தது.

5. மேற்படியார் வேலை செய்த விதத்தை எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து நான் பார்த்துவந்தேன். முதலில் குவியலைப் பிரித்தார். அகலமாகவும் தட்டையாகவும் இருந்தவை பாதைக்கு, நீளமானவை சுவருக்கு, உள்ளங்கையளவுச் சில்லுகள் சந்தில் செருக, உதிர்ந்த பொடியும் ஜல்லியும் அடியில் கொட்ட. தார் ஒட்டியவை செடியின் பக்கம் ஆகாதென்று தண்ணீர் டிரம்முக்கு முட்டுக் கொடுக்கப் போயின. ஸ்டோர்ஸில் நான் வைத்திருந்தது இரண்டே பிரிவு, ஆகும், ஆகாது. மேற்படியாரிடம் ஐந்து பிரிவு இருந்தது. ஆகாது என்ற பிரிவை மாடியிலிருந்து எவ்வளவு தேடியும் காணவில்லை.

6. பெரிய துண்டுகளை அவர் தூக்கவில்லை. கடப்பாரையால் நெம்பி, ஓரத்தில் நிமிர்த்தி நிறுத்தி, ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்குச் சாய்த்துச் சாய்த்து நடத்திக்கொண்டே போனார். குடித்தவனைத் தோளில் தாங்கி வீட்டுக்குக் கூட்டிப் போவதுபோல இருந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் மண்ணைச் சீவி, உதிர்ந்த கான்கிரீட் தூளைப் பரப்பி, வழுவழுப்பான மேல்பக்கம் மேலே வரும்படி துண்டைப் படுக்க வைத்து, அதன் மேல் ஏறி நின்று உடம்பை அசைத்துப் பார்ப்பார். கொஞ்சம் ஆடினாலும் மறுபடியும் கிளப்பி, தூளைக் கூட்டியோ குறைத்தோ வைப்பார். எதற்கு இவ்வளவு என்று நான் மாடியிலிருந்தே கேட்டதற்கு, "காலு வெச்சா கல்லு பேசப்படாதுங்க" என்றார். துண்டுகளுக்கு நடுவே விட்ட இடைவெளியில் அருகம்புல்லை ஊன்றினார். இன்று அந்தப் பாதையில் யார் நடந்தாலும் செருப்புச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

7. எல்லாம் முதல் முறையிலேயே சரியாக வந்துவிட்டது என்று சொல்லி அலுவலகத்தை ஏமாற்ற விரும்பவில்லை. சரிவைத் தாங்குவதற்காக மேற்படியார் எழுப்பிய முதல் சுவர் நேராக, பார்க்க அழகாக இருந்தது. ஒரே மழையில் சரிந்து விழுந்தது. அன்று நான், "சொன்னனல்ல, அது ஸ்கிராப்" என்று கூறியதையும் பதிவு செய்கிறேன். எங்கள் எதிர்வீட்டில் இருக்கும் செல்வி பிரத்யுஷா, பீளமேட்டில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் சிவில் இன்ஜினியர். வேலைக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி, விழுந்த சுவரைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, செவுத்தை மேட்டுப் பக்கம் கொஞ்சம் சாய விடோணுமுங்க. பின்னாடி ஜல்லியக் கொட்டுங்க. தண்ணி நிக்காம எறங்கிப்போச்சுன்னா செவுத்தைத் தள்ளாதுங்க" என்றார். "அப்பிடியா அம்மணி, எத்தன சாயோணும்?" என்று மேற்படியார் கேட்க, அவர் தன் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துச் சாய்த்துக் காட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கையுறை போட்டுக்கொண்டு வேலைக்கே வந்துவிட்டார். கீழ்வரிசையின் இணைப்பு எங்கே வருகிறதோ அதன்மேல் ஒரு முழுத் துண்டு உட்கார வேண்டும், ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்க வேண்டும் என்று இருவரும் பேசிப்பேசி அடுக்கினார்கள். சிமெண்ட் ஒரு சட்டிகூடப் போடவில்லை. சந்துகளில் சில்லைச் செருகிச் சுத்தியலால் தட்டி இறுக்கியதோடு சரி.

8. துண்டுகளில் துருத்திக்கொண்டிருந்த கம்பிகளைப் பற்றி எனது 2023 மனுவில் தனிப் பத்தியே இருக்கிறது. அந்தக் கம்பிகள் எல்லாவற்றையும் வாடகைக்கு மிஷின் எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒட்ட அறுத்துவிட்டார்கள். அறுத்த கம்பிகள் இப்போது அவரைப் பந்தலாக நிற்கின்றன. சுவரை ஒட்டி வைத்த செம்பருத்தி ஒரு மாதத்தில் மஞ்சளடித்துப் போயிற்று. கான்கிரீட்டிலிருந்து சுண்ணாம்பு இறங்குகிறது என்று பிரத்யுஷா விளக்கினார். மேற்படியார் அதைத் தள்ளி நட்டுவிட்டு, சுவர் ஓரத்துக்குக் கற்றாழையும் நந்தியாவட்டையும் கொண்டுவந்தார். அவை செழித்து வளர்ந்து சுவரையே மூடப் பார்க்கின்றன. முருங்கை காய்க்கிறது. அந்தக் காயில் வைத்த சாம்பாரை நான் மறு சாதம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். எங்கே காய்த்தது என்று கேட்டதில்லை, எனக்குத் தெரியும்.

9. மேற்படி சுவரின் உயரம் [நான்கு அடி – அடிக்கப்பட்டு] மூன்றே முக்கால் அடி. சரிவை இரண்டு தட்டாகப் பிரித்து நிற்கிறது. முன்பெல்லாம் ஐப்பசி மழையில் அந்தச் சரிவு கரைந்து, செம்மண் சகதி பள்ளத்தை நிரப்பி வழிந்து முதல் குறுக்குத் தெரு வரை வந்து நிற்கும். இரு சக்கர வாகனங்கள் வழுக்கி விழுவது பற்றி நான் கொடுத்த மனுக்கள் தங்களிடம் உள்ளன. இந்த ஐப்பசியில் மழை வழக்கத்தைவிடக் கூடுதல். இருந்தும் சகதி வரவில்லை. மழை வலுத்த ஒரு மாலையில் குடையோடு போய், சாலையிலிருந்தபடியே எட்டிப் பார்த்தேன். சுவரின் சந்துகள் வழியாகத் தண்ணீர் மட்டும் தெளிவாக இறங்கிக்கொண்டிருந்தது. மண் மேலேயே இருந்தது. நான் எத்தனையோ மனுவில் கேட்டு, எந்த அலுவலகமும் செய்து தராத வேலை அது. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து, குடை ஒழுகுகிறது என்று மட்டும் சொன்னேன்.

10. அந்த இடம் பேரூராட்சிக்குச் சொந்தம் என்பதில் மேற்படியாருக்குச் சந்தேகம் ஏதுமில்லை. கதவு வைக்கவில்லை, பூட்டு இல்லை, பெயர்ப் பலகை இல்லை. அகலமான ஒரு துண்டை இரண்டு முட்டின் மேல் வைத்து ஒரு பெஞ்சு செய்திருக்கிறார். நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் உட்காருகிறார்கள். மூன்றாவது குறுக்குத் தெருவின் ரங்கநாயகி அம்மாள் மூட்டு அறுவை செய்துகொண்டவர். மாலையில் அந்தப் பாதையில்தான் கோலூன்றி நடந்து பழகினார். "ரோட்டுல நடந்தா வண்டிக்குப் பயமா இருக்குதுங்க. இங்க கல்லும் ஆடாது, நாயும் வராது" என்று அவர் கூறினார்; சாட்சி வேண்டுமெனில் இதை நேரில் கூறவும் தயாராக உள்ளார்.

11. இத்துடன் தொடர்புடைய இன்னொரு மனுவையும் குறிப்பிட வேண்டியுள்ளது. இந்தச் சாலை முதன்முதலில் போடப்பட்டபோது, ஆறு அங்குலம் இருக்க வேண்டிய கனம் நான்கு அங்குலம்தான் இருக்கிறது என்று, கான்கிரீட் காயும் முன்பே செருப்புக் காலோடு இறங்கி, ஸ்கேலைக் குத்தி அளந்து, புகார் கொடுத்தவன் நான். ஒப்பந்ததாரர் என்னைத் திட்டியதைத் தெருவே பார்த்தது. அந்தப் புகாரும் உறங்கிவிட்டது. அதைச் சொல்லி நான் அங்கலாய்த்தபோது மேற்படியார், "ஆறு அங்குலம் போட்டிருந்தா நான் எப்பிடிங்க அதைய உருட்டுறது? அவுரு நல்லா இருக்கட்டுமுங்க" என்றார்.

12. நிலைமை இப்படி இருக்க, தாங்கள் இவ்வலுவலகப் பொறுப்பேற்று, நிலுவையில் கிடந்த பழைய மனுக்களையெல்லாம் எடுத்துத் தீர்த்து வருகிறீர்கள். இதை மனமாரப் பாராட்டுகிறேன். எல்லா மனுவும் எழுந்தபோது எனது 2023 மனுவும் எழுந்துவிட்டது. பார்வை 2-இல் கண்ட அறிவிப்பு தோட்டத்துச் சுவரின் சாலையோர முனையில் ஒட்டப்பட்டது. மேற்படியார் கீரைக்குத் தண்ணீர் விடப் போனவர், அதைப் படித்துவிட்டு, குடத்தோடு வீட்டுக்குத் திரும்பி வந்தார். "ஏனுங்க, இங்க வந்து பாருங்க" என்று என்னை அழைத்துப் போனார். அறிவிப்பில் என் வாக்கியம் ஒரு எழுத்து மாறாமல் இருந்தது: எவருக்கும் எவ்வித உபயோகமும் அற்றவை, எக்காலத்திலும் உபயோகப்படப் போகிறவையும் அல்ல. மேற்படியார் அதன்மேல் விரலை வைத்து, "இது நீங்க எழுதுனதுங்களா?" என்று கேட்டார். ஆம் என்றேன். முப்பத்தாறு வருடம் என் மனுக்களைக் கேட்டுவந்தவருக்கு என் நடை தெரியாமல் போகுமா?

13. அன்று முதல் எனக்கு வேளாவேளைக்குச் சோறு உண்டு, காப்பி உண்டு, பேச்சு இல்லை. வழக்கமாக நான் பேசிக்கொண்டே இருப்பேன், அவர் 'ம்' கொட்டுவார். இப்போது அந்த 'ம்' இல்லாததால் நான் பேசுவதும் எனக்கே பிடிக்கவில்லை. தங்கள் அலுவலகம் சென்று மனுவைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னேன். எழுத்தர், நடவடிக்கை தொடங்கிய மனுவை வாபஸ் வாங்க வழியில்லை என்றும், ஆட்சேபம் இருந்தால் புகாராக எழுதித் தரும்படியும் மரியாதையாகத் தெரிவித்தார். புகார் யார்மேல் என்று கேட்டார். யோசித்துப் பார்த்ததில் என்னைத் தவிர வேறு யாரும் அகப்படவில்லை. அந்த மனுவில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று நானே தேடினேன். எல்லை சரி, புல எண் சரி, சட்டப் பிரிவு சரி. ஓட்டை விடாமல் எழுதத் தெரிந்தவன் என்ற என் கர்வம் எனக்கே எமனாக வந்து நிற்கிறது.

14. 12.11.2025 அன்று ஜேசிபி வந்தது. தங்கள் பணி மேற்பார்வையாளர் திரு. மிதுன் சிவப்புப் பெயிண்ட்டால் சுவரில் பெருக்கல் குறி போட்டார். ஸ்டோர்ஸில் நான் போட்டுவந்த அதே குறி. ஓட்டுநர் திரு. செங்கோடன் வண்டியை விட்டு இறங்கி, பாதையில் நடந்து, பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்து, சுவரைக் கையால் தள்ளிப் பார்த்தார். பிறகு, "ஏனுங் சார், குப்பைய அள்ளோணும்னு சொல்லித்தான கூப்பிட்டீங்க? குப்பை எங்கீங்க?" என்று கேட்டார். திரு. மிதுன் தன் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார், தோட்டத்தைப் பார்த்தார். 'ஒழுங்கற்ற குவியல்' என்று என் மனுவில் இருப்பதற்கும் எதிரே இருப்பதற்கும் ஒத்துவரவில்லை என்றும், மேலதிகாரியைக் கேட்டுக்கொண்டு திங்கட்கிழமை வருவதாகவும் கூறி, வண்டியைத் திருப்பி அனுப்பினார். இவ்வளவும் நடக்கும்போது மேற்படியார் அவரைப் பந்தலடியில் நின்று காய் பறித்துக்கொண்டிருந்தார். யாரிடமும் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி மட்டும் கொடுத்தார்.

15. இம்மனுவுக்கு அளவுகள் தேவைப்பட்டதால் நேற்று டேப்பை எடுத்துக்கொண்டு நான் தோட்டத்துக்குள் போனேன். அறிவிப்பைப் படித்த அன்றும் சாலையில் நின்றபடிதான் படித்தேன். உள்ளே கால் வைத்தது நேற்றுத்தான் முதல் தடவை. ஸ்கிராப்பில் என்ன பார்வை என்று இரண்டு வருடமாக மாடியோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். சாலையிலிருந்து இறங்கும் முதல் படியில் ஒரு செருப்புத் தடம் பதிந்திருந்தது. குதிகால் ஆழமாகவும் விரல்பக்கம் லேசாகவும் இருந்தது. பக்கத்தில் ஸ்கேல் குத்திய கோடு. அது என் தடம். கனம் அளக்க ஈரக் கான்கிரீட்டில் இறங்கினேனே, அந்தத் துண்டு. அவ்வளவு பெரிய குவியலைப் புரட்டி, அதைக் கண்டெடுத்து, உடையாமல் நடத்திக் கொண்டுவந்து, தோட்டத்தின் முதல் படியாக வைத்திருக்கிறார். தடம் உள்ளே போகிற திசையில் இருக்கும்படி வைத்திருக்கிறார். என்னிடம் இதுவரை சொல்லவில்லை. நான் ஒருநாள் வந்து பார்ப்பேன் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்து அளப்பதற்கு வெகுநேரம் ஆயிற்று. அளவு தவறியிருந்தால் அதனால்தான்.

16. ஆகவே ஐயா, எனது 2023 மனுவில் கண்ட வாக்கியம் உண்மைக்குப் புறம்பானது என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். அது எழுதிய அன்று உண்மையாக இருந்திருக்கலாம். இன்று இல்லை. மேற்படி துண்டுகளைத் திங்கட்கிழமை அள்ளிவிட்டால் பேரூராட்சிக்கு ஒரு லாரி இடிபாடு கிடைக்கும். தெருவுக்குச் சகதி திரும்ப வரும். ரங்கநாயகி அம்மாள் சாலைக்குத் திரும்புவார். மேற்படியாருக்கு, நான் டைல்ஸ் பதித்து மூடிய மண்ணுக்குப் பதிலாகக் கிடைத்த மண்ணும் போய்விடும். இரண்டாவது முறையாக அவருடைய மண்ணை மூடியவன் நானாக இருப்பேன். அதை என்னால் தாங்க முடியாது.

17. மேலும், பாராட்டு என்பதை நான் மனுவில் எழுதிப் பழகியவன் அல்ல. குறையை எழுதத்தான் எனக்குத் தெரியும். இருந்தும் கோப்பில் நிரந்தரமாக இருக்கட்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன். திருமதி பழனியாத்தாள் கட்டியிருக்கும் அந்தச் சுவர் அழகாக இருக்கிறது. காலையில் வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு துண்டின் உடைந்த ஓரத்திலும் ஜல்லிக்கல் தெரிகிறது. அது நல்ல வேலை. நான் பார்த்த எந்த ஒப்பந்ததாரரின் வேலையையும்விட நல்ல வேலை. இதை நான் அவரிடம் முன்பே சொல்லியிருக்கலாம். மாடிப்படி இறங்கி வந்தால் போதும், அவ்வளவு தூரம்தான்.

18. மேற்கண்ட காரணங்களால் தங்களைப் பணிந்து வேண்டுவன:

(அ) வரும் திங்கட்கிழமை எடுக்கவிருக்கும் நடவடிக்கையை நிறுத்தி, ஜேசிபியை அனுப்பாதிருக்க வேண்டுகிறேன்.

(ஆ) தாங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டுகிறேன். மாலையில் வந்தால் வெயில் இருக்காது. உட்கார இடம் உண்டு.

(இ) எனது 2023 மனுவில் "எவ்வித உபயோகமும் அற்றவை" என்ற வாக்கியத்தை மட்டுமாவது அடித்துவிட வேண்டுகிறேன். அடிப்பதற்குச் சிவப்பு மை வேண்டாம். அது வேறு பொருள் தந்துவிடும்.

(ஈ) இம்மனுவுக்கான பதிலை எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. திருமதி பழனியாத்தாள் என்ற பெயருக்கே அனுப்ப வேண்டுகிறேன். இத்தனை வருடத்தில் அரசுக் கடிதம் எதுவும் அவர் பெயருக்கு வந்ததில்லை.

தோட்டம் நிலைத்தால், தெருவிளக்கு தொடர்பாக நிலுவையில் உள்ள என் மற்ற மனுக்களைப் பற்றி இந்த ஆண்டு முடியும்வரை தங்களை நச்சரிக்கமாட்டேன் என்றும் உறுதி கூறுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மனுதாரர்,

(ஒப்பம்)
சி. தனபால்

இடம்: புங்கம்பதி
நாள்: 14.11.2025

இணைப்பு:
1. பார்வை 1, பார்வை 2 ஆகியவற்றின் நகல்கள்.
2. தோட்டத்தின் புகைப்படங்கள். எடுத்தவர் செல்வி பிரத்யுஷா.
3. முதல் படியின் புகைப்படம். எடுத்தவன் நான்.

பின்குறிப்பு: பத்தி 9-இல் உள்ள திருத்தம் குறித்து. இம்மனுவைத் தங்கள் அலுவலகத்தில் நேரில் சேர்க்கும் முன் மேற்படியாரிடம் படிக்கக் கொடுத்தேன். அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, சமையலறை வாசலில் நின்றே முழுவதும் படித்தார். பிறகு என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சுவரின் உயரத்தை மட்டும் அடித்துத் திருத்தினார். "நாலடி இல்லீங்க, மூணே முக்கா. தப்பா எழுதுனா அவிய வந்து அளக்க மாட்டாங்களா?" என்றார். திருத்தம் அவர் கையெழுத்தில் உள்ளது. சரியென ஏற்று, அருகில் என் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.